லிமிட் போக்கரில் கால் செய்வதா, ஃபோல்டு செய்வதா: எண்ண வேண்டிய வரிசை

ஏற்காட்டில் ஒரு நண்பரின் காப்பித் தோட்ட வீட்டில் மாதம் ஒரு சனிக்கிழமை லிமிட் ஹோல்டம் (ஒரு பெட் எவ்வளவு என்பது முன்பே முடிவான போக்கர்) ஆடுகிறோம். ஐந்து பேர், ஒரு கட்டு சீட்டு, ஒரு டப்பா புளியங்கொட்டை. காசு கிடையாது. ஆன்லைனில் பணம் கட்டி ஆடும் ஆட்டங்களுக்கு மத்திய அரசின் 2025-ஆம் ஆண்டுச் சட்டம் தடை போட்டிருக்கிறது. அந்தப் பக்கமே போக வேண்டாம்.

சேலத்திலிருந்து புதிதாக மேலே வருகிறவர்களில் பெரும்பாலோர் ரம்மியில் ஊறியவர்கள். சீட்டு ஞாபகம் நன்றாக இருக்கும், எதிராளியின் முகமும் படிப்பார்கள். ஆனாலும் எல்லோரும் ஒரே இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். முதலில் தன் கையைப் பார்க்கிறார்கள், பிடித்திருந்தால் கொட்டையைப் போடுகிறார்கள், நடுவில் எவ்வளவு குவிந்திருக்கிறது என்பதைக் கடைசியில்தான் கவனிக்கிறார்கள். நான் சொல்லித் தருவது இதைத் திருப்பிப் போட்ட வரிசை: முதலில் நடுக்குவியல், பிறகு உங்கள் கை, அதற்குப் பிறகு மற்றவர்கள். ஹோல்டம் எப்படி ஆடுவது, எந்தக் கை எதை வெல்லும் என்பது தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

1. உட்காருவதற்கு முன்

விலையை முதலில் சொல்லி வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் மேசையில் முதல் சுற்றிலும் ஃபிளாப்பிலும் (முதல் மூன்று பொதுச் சீட்டு) ஒரு பெட் 2 கொட்டை. இது சின்ன பெட். டர்னிலும் ரிவரிலும் (நாலாவது, ஐந்தாவது பொதுச் சீட்டு) 4 கொட்டை; இது பெரிய பெட். ப்ளைண்ட் (சீட்டு பார்க்கும் முன்பே இருவர் கட்டாயமாகப் போடுவது) 1, 2. ஒரு சுற்றில் ஒரு பெட், அதன்மேல் மூன்று ரெய்ஸ் (ஏற்றிப் போடுவது), அவ்வளவுதான். லிமிட்டில் கால் செய்ய (எதிராளி போட்ட அளவே போட்டுத் தொடர) என்ன விலை என்பது எப்போதும் முன்கூட்டியே தெரியும். இந்த வழிகாட்டியில் உள்ள கணக்கெல்லாம் அந்த ஒரு வசதியை நம்பித்தான் நிற்கிறது.

கொட்டையை நேராக நடுவில் எறிய விடாதீர்கள். ஒவ்வொருவரும் தன் முன்னால் வைக்க வேண்டும். சுற்று முடிந்த பிறகு நடுவில் தள்ள வேண்டும். எறிந்தால் யார் எவ்வளவு போட்டார் என்று எண்ண முடியாது.

அடுத்து ஒரு சின்ன வாய்ப்பாடு. ஃபிளாப் வந்த பிறகு நீங்கள் பார்க்காத சீட்டு 47. அதில் உங்களைக் காப்பாற்றுவது 9 என்றால் காப்பாற்றாதது 38. 38-ஐ 9-ஆல் வகுத்தால் நாலுக்குக் கொஞ்சம் மேல். அதாவது நாலு தடவை தோற்று ஒரு தடவை ஜெயிப்பீர்கள். காப்பாற்றும் சீட்டுகளுக்கு அவுட் என்று பெயர்.

9 அவுட், ஃபிளஷ் டிரா (ஃபிளஷுக்கு ஒரு சீட்டு குறையும் கை): 4-க்கு 1
8 அவுட், இரு பக்கமும் திறந்த ஸ்ட்ரெயிட் டிரா: 5-க்கு 1
6 அவுட்: 7-க்கு 1
5 அவுட்: எட்டரைக்கு 1
4 அவுட், நடுவில் ஒன்று குறையும் ஸ்ட்ரெயிட்: 11-க்கு 1
2 அவுட்: 22-க்கு 1

டர்னில் பார்க்காத சீட்டு 46 ஆகும். வித்தியாசம் சொற்பம், இதே வாய்ப்பாடு போதும். கைபேசியில் பார்க்காமல் சொல்லும் அளவுக்கு மனப்பாடம் ஆக வேண்டும்.

2. நடுவில் இருப்பதைப் பெட்டாக எண்ணுங்கள்

புதியவர் "நாற்பது கொட்டை இருக்குது" என்பார். அதனால் பயன் இல்லை. "பத்து பெரிய பெட்" என்று சொல்லிப் பழக வேண்டும். நீங்கள் போட வேண்டியது ஒரு பெட் என்பதால், பாட்டில், அதாவது நடுக்குவியலில், எத்தனை பெட் இருக்கிறதோ அதுவே உங்களுக்குக் கிடைக்கும் விகிதம். வகுத்தல் தேவையில்லை.

முதல் சுற்றில் ஐந்து பேர் ஆளுக்கு ஒரு பெட் போட்டால் 5. ஃபிளாப்பில் ஒருவர் பெட், இருவர் கால்: 8. இப்போது உங்கள் முறை என்றால் 8-க்கு 1. நீங்கள் போடப் போகும் ஒன்றை இதில் சேர்க்கக் கூடாது. முதல் வாரம் எல்லோரும் சேர்ப்பார்கள்.

டர்னுக்குப் போகும்போது பாட்டைப் பாதியாக்குங்கள். ஃபிளாப்பில் 9 சின்ன பெட் சேர்ந்திருந்தால் டர்னில் அது நாலரை பெரிய பெட். இதை மறந்தவர், விலை இரண்டு மடங்கு ஏறியதைக் கவனிக்காமல் பழைய விகிதத்திலேயே கால் செய்துகொண்டிருப்பார். எங்கள் வீட்டில் மிக அதிகமாகக் கொட்டை கரைவது இந்தப் படியில்தான்.

3. போட்டது போட்டதுதான்

ரம்மியில் ஸ்கூட் விட்டால் 20, மிடில் ஸ்கூட்டுக்கு 40 என்று விலகுவதற்கே ஒரு விலை உண்டு. அந்தப் பழக்கத்தில் வருகிறவருக்கு ஃபோல்டு செய்ய, அதாவது சீட்டை மடித்து விலக, கை வராது. போக்கரில் விலகுவதற்குத் தனி விலை இல்லை. இதுவரை போட்டவை பாட்டுக்குச் சொந்தம். அவற்றை நீங்கள் போட்டீர்களா, பக்கத்து வீட்டுக்காரர் போட்டாரா என்பது கணக்கில் வராது.

"ஏங்க, இவ்ளோ போட்டாச்சு, இனி எப்படிங்க விடறது?" என்று தறிப்பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒவ்வொரு மாதமும் கேட்பார். கூடவே, உரலில் தலையைக் கொடுத்துவிட்டு உலக்கைக்குப் பயந்தால் ஆகுமா என்பார். இந்த உரலில் ஒவ்வொரு இடிக்கும் நடுவே தலையை வெளியே எடுத்துக்கொள்ளலாம் என்று நானும் ஒவ்வொரு மாதமும் சொல்கிறேன்.

4. முதல் இரண்டு சீட்டு

இங்கே பாட் சின்னது. அதனால் தாராளமாக ஃபோல்டு செய்ய வேண்டிய இடம் இதுதான்.

உங்களுக்கு முன்னால் ஒருவர் ரெய்ஸ் செய்துவிட்டால், ஏஸ்-9, கிங்-ஜாக்கி மாதிரியான கைகளை வையுங்கள் கீழே. பார்க்க அழகான கைகள்தான். ஆனால் ஏஸ் விழுந்தால் ரெய்ஸ் செய்தவரிடம் ஏஸ்-கிங்கோ ஏஸ்-குயினோ இருக்கும். நீங்கள் ரிவர் வரை கொடுத்துக்கொண்டே போவீர்கள். ஏஸ் விழாவிட்டால் உங்களிடம் ஒன்றும் இல்லை. ஜெயித்தால் கொஞ்சம், தோற்றால் நிறைய.

ஒரே நேரத்தில் இரண்டு பெட் போட்டு உள்ளே வர வேண்டிய நிலையில் சும்மா கால் செய்வது பெரும்பாலும் தவறு. கை அவ்வளவு நல்லதென்றால் மறுபடி ரெய்ஸ் செய்து பின்னால் இருப்பவர்களை விரட்டுங்கள், இல்லையென்றால் விடுங்கள்.

பெரிய ப்ளைண்டில் இருந்தால் நிலைமை மாறும். ஒருவர் ரெய்ஸ், மற்ற எல்லோரும் ஃபோல்டு என்று வையுங்கள். சின்ன பெட் கணக்கில் அவர் போட்டது 2, உங்கள் ப்ளைண்ட் 1, சின்ன ப்ளைண்ட் அரை: ஆக மூன்றரைக்கு 1. ஒரே ரகத்தில் 8-7 போன்ற கைக்கு இந்த விலை போதும். ரகம் சேராத கிங்-4-க்கு, அதுவும் ரெய்ஸ் முதல் இருக்கையிலிருந்து வந்திருந்தால், போதாது. ஏற்கெனவே சொன்ன அதே ஏஸ்-9 வியாதிதான் அதற்கும்.

சின்ன ஜோடி, உதாரணமாக 4-4: ஃபிளாப்பில் மூன்றாவது 4 வருவது எட்டரை தடவைக்கு ஒரு தடவை. நோ-லிமிட் (பெட்டுக்கு எல்லை இல்லாத ஆட்டம்) வீடியோ பார்த்து வந்தவர்கள், வந்துவிட்டால் எதிராளியின் மொத்தத்தையும் எடுத்துவிடலாம் என்று இருவர் மட்டும் உள்ள பாட்டிலும் கால் செய்வார்கள். லிமிட்டில் மொத்தத்தையும் எடுக்க முடியாது. சுற்றுக்கு ஒன்றிரண்டு பெட்தான் கிடைக்கும். நாலு பேராவது உள்ளே இருந்து, ரெய்ஸ் இல்லாமல் இருந்தால் பாருங்கள்.

5. ஃபிளாப்: விகிதத்தையும் அவுட்டையும் பக்கத்தில் வையுங்கள்

உங்கள் கை ஜாக்கி-10. ஃபிளாப் கிங், 9, 4. மூன்றும் வெவ்வேறு ரகம். குயின் வந்தால் 9 முதல் கிங் வரை ஸ்ட்ரெயிட். பாட்டில் 8 சின்ன பெட், மூன்று எதிராளிகள், நீங்கள் கடைசியாகப் பேசுகிறீர்கள்.

பாட் 8-க்கு 1 தருகிறது. அவுட் 4 என்பதால் தேவை 11-க்கு 1, துல்லியமாகப் பத்தே முக்கால். இரண்டே முக்கால் சின்ன பெட் குறைகிறது. குயின் வந்துவிட்டால் இந்தக் குறையை டர்னிலும் ரிவரிலும் வசூல் செய்ய முடியுமா? அங்கே ஒரு பெட்டே இரண்டு சின்ன பெட். ஒன்றரைப் பெரிய பெட்டுக்கும் குறைவாக மூன்று பேரிடமிருந்து வசூலித்தால் போதும். தவிர குயின் விழும் அந்த நிமிடத்தில் உங்களை வெல்லும் கை எதுவும் இருக்க முடியாது. கால்.

இப்போது ஒரே ஒரு மாற்றம்: கிங்கும் 9-ம் ஆர்ட்டின். ஆர்ட்டின் குயின் விழுந்தால் உங்களுக்கு ஸ்ட்ரெயிட், யாரோ ஒருவருக்கு ஃபிளஷ். நம்பக்கூடிய அவுட் 3 ஆகிவிட்டது. 44-ஐ 3-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 15-க்கு 1. குறை ஆறரைக்கு மேல், அதாவது மூன்று பெரிய பெட்டுக்கும் அதிகம். நல்ல குயினே வந்தாலும் அடுத்த சீட்டில் ஆர்ட்டின் விழுந்து தோற்கலாம். ஃபோல்டு.

கை அதே, பாட் அதே, எதிராளிகள் அதே. இரண்டு சீட்டின் ரகம் மட்டும் முடிவைத் திருப்பிவிட்டது. புதியவர்களை நான் அரை மணி நேரம் இந்த ஒரு உதாரணத்திலேயே உட்கார வைப்பேன்.

முதல் ஃபிளாப்பில் கால் செய்தீர்கள், டர்னில் உதவாத சீட்டு வந்தது என்றால்? பாட் நாலரை பெரிய பெட். ஒருவர் பெட் போட்டால் ஐந்தரை. இன்னொருவர் கால் செய்தாலும் ஆறரை. டர்னில் பார்க்காதது 46 என்பதால் தேவை பத்தரை. விட வேண்டியதுதான். ஃபிளாப்பில் கால் செய்தது சரி, டர்னில் ஃபோல்டு செய்வதும் சரி. இரண்டும் ஒன்றையொன்று மறுக்கவில்லை.

6. அவுட்டுக்கும் டச் பாருங்கள்

எனக்கு செவ்வாப்பேட்டையில் கொலுசுப் பட்டறையில் கணக்கு எழுதும் வேலை. அங்கே வெள்ளிக் கட்டி வந்தால் யாரும் எடையை மட்டும் எழுத மாட்டார்கள். டச் எவ்வளவு, சுத்த வெள்ளி எவ்வளவு தேறும் என்று பார்த்துத்தான் எழுதுவார்கள். அவுட்டையும் அப்படித்தான் எழுத வேண்டும்.

ஏஸ்-8 வைத்திருக்கிறீர்கள். ஃபிளாப் குயின், 8, 5. பெட் போட்டவரிடம் குயின் ஜோடி இருப்பதாக நினைக்கிறீர்கள். அவுட்: இரண்டு 8, மூன்று ஏஸ், ஆக 5. ஆனால் அவர் ஏஸ்-குயின் வைத்திருந்தால் மூன்று ஏஸும் செல்லாது, மிஞ்சுவது 2. எப்போதும் ஏஸ்-குயின் இருக்காது என்பதால் நான் இதை 4 என்று எழுதுவேன். அப்போது தேவை எட்டரை இல்லை, 11.

இன்னும் சில இடங்களில் டச் குறையும். ஏஸ்-ஜாக்கி, ஃபிளாப் 9-6-2 என்றால் ஆறு அவுட் போலத் தெரியும். நாலாக வையுங்கள், எதிராளியிடம் ஏஸ்-9 இருக்கலாம். பலகையில் (மேசையில் விரித்த பொதுச் சீட்டுகளில்) ஒரு ஜோடி விழுந்திருக்கும்போது ஃபிளஷ் டிராவின் ஒன்பதும் முழுசு இல்லை. ஃபுல் ஹவுஸ் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கலாம். 6-5 வைத்துக்கொண்டு சின்ன ஃபிளஷுக்கு ஓடுகிறவர், அது வந்த பிறகுதான் பெரிதாகத் தோற்பார்.

ஏறும் இடமும் ஒன்று உண்டு. கையில் இரண்டும் ஒரே ரகம், ஃபிளாப்பில் அதே ரகம் ஒன்று இருந்தால், அடுத்த இரண்டு சீட்டும் அதே ரகமாக விழ ஏறக்குறைய நூற்றுக்கு நாலு வாய்ப்பு. இதற்கு ஒரு அவுட் கூட்டிக்கொள்ளலாம். ஃபிளாப்பில் மட்டும். டர்னில் அது கரைந்துவிடும்.

7. பெட் போட்டவர் வலது பக்கமா, இடது பக்கமா?

இதைப் பார்க்காமல் கொட்டையில் கை வைக்காதீர்கள். உங்கள் இடது பக்கத்துக்காரர் பெட் போட்டு, சுற்றி வந்து உங்களிடம் முடிந்தால், விலை ஒரு பெட்தான், நிச்சயம். வலது பக்கத்துக்காரர் போட்டிருந்தால் மற்ற எல்லோரும் உங்களுக்குப் பின்னால் பேசுவார்கள். யாராவது ரெய்ஸ் செய்தால் ஒரு பெட் என்று நினைத்து வாங்கிய சீட்டு இரண்டு பெட் ஆகும்.

ஃபிளஷ் டிரா மாதிரி பலமான டிராவுக்குக் கவலை இல்லை. பலர் உள்ளே இருந்தால் ரெய்ஸ் வந்தாலும் லாபமே. மூன்று நாலு அவுட் கைகளுக்குத்தான் ஆபத்து. பின்னால் ஆள் இருந்தால், வாய்ப்பாடு கேட்பதற்கு மேல் இரண்டு மூன்று பெட் பாட்டில் கூடுதலாக இருக்கிறதா என்று பார்ப்பேன்.

8. டர்ன்: இரண்டு பெட்டுக்குச் சேர்த்து முடிவெடுங்கள்

டிரா கையாக இருந்தால் டர்ன் சுலபம்: பாட், அவுட், முடிந்தது. சிக்கல் நடுத்தரமான ஜோடி வைத்திருக்கும்போது.

உங்களிடம் 9-9. பலகையில் குயின், 6, 4, 2. எதிரில் ஒருவர் மட்டும். பாட் 5 பெரிய பெட், அவர் ஒன்று போட்டார், 6 ஆயிற்று. புதியவர் "ஒன்று கொடுத்தால் ஆறு" என்று கால் செய்கிறார். ரிவரில் அவர் மறுபடி போட்டதும் பயந்து ஃபோல்டு செய்கிறார். டர்னில் கொடுத்தது வீண்.

சரியான கேள்வி: கடைசி வரை போய்ப் பார்க்க என்ன விலை? இப்போது ஒன்று, ரிவரில் ஒன்று, மொத்தம் 2. கிடைப்பது இப்போதுள்ள 6, ரிவரில் அவர் போடும் 1, மொத்தம் 7. ஆக மூன்றரைக்கு 1. ஒன்பது தடவையில் இரண்டு தடவை ஜெயித்தால் சமம். இந்த ஆள் இப்படி இரண்டு முறை பெட் போடும்போது, ஒன்பதில் இரண்டு தடவையாவது வெறுங்கையாகவோ சின்ன ஜோடியோடோ இருப்பாரா? ஆம் என்றால் இரண்டையும் கொடுக்கத் தயாராகிக் கால். இல்லை என்றால் இப்போதே ஃபோல்டு, ஒன்று மிச்சம். ரிவரில் ஏஸோ கிங்கோ விழுந்தால் மட்டும் மறுபடி யோசியுங்கள்.

9. ரிவர்: ஃபோல்டு விலை உயர்ந்தது

இங்கே அவுட் இல்லை, வாய்ப்பாடு இல்லை. பாட் மட்டும்தான். அவருடைய பெட்டையும் சேர்த்துப் பாட்டில் 9 என்றால், பத்தில் ஒரு தடவை உங்கள் கை நல்லதாக இருந்தாலே கால் நஷ்டம் இல்லை. பத்தில் ஒன்பது தடவை தோற்பீர்கள், பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

ஆரம்பத்தில் நானே இதில் நன்றாக அடி வாங்கினேன். பாட்டில் 11 பெரிய பெட். என்னிடம் இரண்டாவது ஜோடி (பலகையின் இரண்டாவது பெரிய சீட்டோடு சேர்ந்தது). எதிராளி பெட் போட்ட வேகத்தைப் பார்த்து, இது ஃபிளஷ்தான் என்று நானே முடிவு கட்டி மடித்தேன். அவர் வராத ஸ்ட்ரெயிட்டைத் திருப்பிக் காட்டினார். 4 கொட்டையை மிச்சம் பிடித்து 44 கொட்டையை விட்டேன். எதிரில் ஒருவர் மட்டும், பாட் பெரிது, கையில் ஏதோ ஒரு ஜோடி: இந்த மூன்றும் சேர்ந்தால் இப்போது நான் அனேகமாகக் கால்தான்.

ஆனால் "என்னதான் வச்சிருக்காருன்னு பாத்துடலாம்" என்று பெரிய சீட்டே 8 என்ற வெறுங்கையோடு கால் செய்யாதீர்கள். அவர் வெறுங்கையாக இருந்தாலும் அந்த வெறுங்கையிடம் நீங்கள் தோற்பீர்கள். விகிதம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், வெல்லவே முடியாத கைக்கு விகிதம் கிடையாது.

ஒருவர் பெட் போட்டு இன்னொருவர் ஏற்கெனவே கால் செய்துவிட்டால் கணக்கு இறுகும். பெட் போட்டவர் வெறுங்கையாக இருக்கலாம். கால் செய்தவர் இருக்க மாட்டார். நீங்கள் இரண்டு பேரையும் வெல்ல வேண்டும். நீங்கள் பெட் போட்டு எதிராளி ரிவரில் ரெய்ஸ் செய்தால், எங்கள் மேசையில் அது பொய்யாக இருந்து நான் பார்த்தது அபூர்வம். ஆனாலும் கொடுக்க வேண்டியது ஒரு பெட்தான். பாட் பெரிதாக இருந்து, கையில் மேல் ஜோடிக்கு மேலே ஏதாவது இருந்தால் கொடுத்துவிடுங்கள். உங்களுக்கு முன்னாலேயே பெட்டும் ரெய்ஸும் நடந்து, இரண்டு பெட் கேட்டால், இரண்டு ஜோடியைக்கூட யோசிக்காமல் மடிப்பேன்.

10. பழகுவது

மேசையில் உட்கார்ந்துகொண்டு இதையெல்லாம் முதல் முறையாக எண்ணினால் மற்றவர்கள் டீ குடித்துவிட்டு வந்துவிடுவார்கள். ஞாயிறு மதியம் காரில் இறங்கும்போது, வண்டி ஓட்டாதவர்களுக்கு 20 கொண்டை ஊசி வளைவிலும் வளைவுக்கு ஒரு கேள்வி. ஒருவர் கேட்க வேண்டும், அடுத்த வளைவுக்குள் மற்றவர் சொல்ல வேண்டும். ஃபிளாப், பாட் 7, அவுட் 5, பின்னால் இருவர்? ஃபோல்டு. டர்ன், பாட் 5, ஃபிளஷ் டிரா, பலகையில் ஜோடி இல்லை? கால். டர்ன், பாட் 6, நடுவில் ஒன்று குறையும் ஸ்ட்ரெயிட்? ஃபோல்டு. ரிவர், பாட் 8, மூன்றாவது ஜோடி, எதிரில் ஒருவர், வராத ஃபிளஷ் பலகையில் தெரிகிறது? கால்.

தறிப்பட்டறை அண்ணன் போன மாதம் அடிவாரம் செக்போஸ்ட் வருவதற்குள் இருபதில் பதினாறு சரியாகச் சொன்னார். தப்பிய நாலும் டர்ன் கேள்விகள். நாலிலும் பாட்டைப் பாதியாக்க மறந்திருந்தார்.